முல்லைத்திணையில் ஒரு ராணுவ ரயில்

வீட்டில் ராணுவ ரயில் ஒன்றைச் சிற்றுருவாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கேள்விப்பட்ட நண்பர்கள் முதலில் கேட்பது, டாங்கி எத்தனை, பீரங்கி எத்தனை என்பதுதான். ஒன்றும் இல்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. பிறகு எதை வைத்து அதை ராணுவ ரயில் என்கிறீர்கள் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓராண்டாக எங்கள் கூடத்தில் நடந்துவரும் விவாதமும் அதுவே என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்லலாம்.

எங்கள் என்று சொல்வது நால்வரை. ஆம்பூரில் குடியிருக்கிறோம். ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை, ஒருவருக்கு வங்கியில் கணக்கு வேலை. பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஒருவன். நான்காமவர் அவனுடைய அம்மா வழித் தாத்தா. 1969-இல் படையில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். வகுப்பில் மாணவர்களிடம் ‘தொடர்வண்டி’ என்று எழுதச் சொல்கிறோம். வீட்டில் அது ரயில்தான். இக்கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

இந்தப் பொழுதுபோக்கு அறியாதவர்களுக்கு ஒரு சொல். உலகில் மிகப் பரவலாக உள்ள சிற்றுரு அளவு ஹெச்.ஓ. எனப்படுவது. உண்மையில் 87 மீட்டர் நீளமுள்ளது இங்கே ஒரு மீட்டராகும். ஆறடி மனிதன் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டி நிற்பான். நம் சென்னை ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக வரும். 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே எஞ்சினுக்குச் செல்லும். நம் நாட்டில் இக்கலை அரிது. புனேயில் 1998 முதல் இயங்கும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் போல ஒன்றிரண்டைத்தான் சொல்ல முடியும். ஜெர்மனியில் மார்க்லின் நிறுவனம் 1891-லேயே லைப்சிக் சந்தையில் ஒழுங்குபடுத்திய தண்டவாள அளவுகளோடு பொம்மை ரயில்களை விற்பனைக்கு வைத்துவிட்டது.

ரயில் பொம்மையும் போர்ப் பொம்மையும் தொடக்கத்திலிருந்தே ஒரே அலமாரியில் இருந்தவை. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதிகள் எழுதி, பெரிய போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்று வாதிட்டார். மறு ஆண்டே பெரிய போர் வந்தது. 1960களில் இங்கிலாந்தின் டிரையாங் நிறுவனம் ஏவுகணை ஏவும் வேகனும், அடிபட்டதும் வெடித்துச் சிதறும் சரக்குப் பெட்டியுமாக ஒரு வரிசையையே வெளியிட்டது. மகனுக்கு ஆசை மூண்டது அந்தப் படங்களைப் பார்த்துத்தான். அவன் கேட்டது ஒரு டாங்கி ரயில். தாழ்தள வேகன்களில் ஆவடியில் செய்த அர்ஜுன் டாங்கிகள். வேகன் இருபது என்றால் டாங்கியும் இருபது.

அவன் கணக்கு போடத் தெரிந்த பையன். அர்ஜுனின் அகலம் 3.86 மீட்டர். எங்கள் அளவில் 44 மில்லிமீட்டர். சாதாரண வேகன் 37-க்கு மேல் வராது. இருபுறமும் மூன்று நான்கு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். நடைமேடை விளிம்பில் இடிக்கும். நிஜ டாங்கிக்கும் இதே தொல்லைதான், அதற்கென்று தனி வகை வேகன் வேண்டியிருந்தது என்று படித்தபோது அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஆவடியில இருந்து கெளம்புற டாங்கி இன்னாத்துக்கு ஆம்பூருக்கு வருது? வடக்க பார்டருக்குன்னா அரக்கோணத்துல திரும்பி ரேணிகுண்டா பக்கம் போயிடும்.”

மகனிடம் பதில் இல்லை. “சும்மா பார்க்க நல்லா இருக்கும் தாத்தா” என்றான். “பார்க்க நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

அப்படியானால் இந்த வழியே படை எப்படிப் போயிற்று? பெரியவரே போயிருக்கிறாரே. கணியம்பாடிப் பக்கத்துக் கிராமம் அவருடையது. வீட்டுக்கு வீடு சிப்பாய் உண்டு என்று பேர்பெற்ற, ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை அதற்கு அருகில்தான். பத்தொன்பது வயதில் வேலூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் மீட்டர் பாதை வண்டி ஏறி, பாலாற்றுப் பாலம் கடந்து காட்பாடியில் இறங்கி, அங்கே அகலப் பாதையில் மேட்டுப்பாளையம் வண்டிக்கு மாறி, மறுநாள் காலை மலை ரயிலில் குன்னூரைத் தாண்டி, மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனில் இறங்கினார். மூன்று வண்டிகள். அதற்கு முன் அவர் ரயிலேறியதில்லை. அவருடைய தாயார் கண்டோன்மென்ட் நிலையம் வரைதான் வந்தார்; காட்பாடி என்பது அவருக்கு வேறு தேசம். இரவு வண்டியில் ஆம்பூர் வந்ததை இவர் பார்க்கவில்லை. தோல் ஷாப்பு வாடை ஜன்னல் வழியே வந்து எழுப்பியதாம். இத்தனையும் பேரன் கேட்கக் கேட்கத் துண்டு துண்டாக வந்தவை. 1971 பற்றிக் கேட்டால் மட்டும் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று எழுந்துவிடுவார்.

இதைக் கேட்டபோது எங்களில் தமிழ் படித்தவருக்கு முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. பத்துப்பாட்டிலேயே மிகச் சிறியது, நப்பூதனார் பாடிய 103 அடிகள். அரசன் பாசறையில், அரசி அரண்மனையில். யானைப்பாகர், காவல்நிற்கும் யவனர், விளக்குத் தூண்டும் பெண்கள், நாழிகைக் கணக்கர் என்று பாசறை நுணுக்கமாகக் கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. சிற்றுரு என்றே சொல்லிவிடலாம். போர் மட்டும் நம் கண்முன் நடப்பதில்லை. புண்பட்ட யானையும் மாண்ட வீரரும் உறக்கம் வராத அரசனின் நினைவில் வந்துபோகிறார்கள், அவ்வளவே. போர் பற்றிய பாட்டுத்தான் அது. ஆயினும் திணை முல்லை; காத்திருத்தலே அதன் பொருள். ராணுவ ரயில் என்றால் தும்பையும் வஞ்சியும்தான் என்று எவரும் விதி செய்யவில்லையே. பிரிகிற நடைமேடையைக் கட்டலாம் என்றோம். மகன் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

அவனை மாற்றியது முல்லைப்பாட்டு அல்ல, இந்த வட்டாரத்தின் கதை. தோலும் படையும் ரயிலும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது உட்கார்ந்து படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குக் காரணங்களில் ஒன்று, தோலால் ஆன சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை. அன்று கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து கிளர்ச்சியை அடக்கினார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1856 ஜூலை 1 அன்று, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் அதே ஆற்காட்டின் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு. இது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் 1853-இல் டல்ஹௌசி எழுதிய ரயில் குறிப்பில் படைகளை விரைந்து நகர்த்தும் பயன் முன்வரிசையில் நிற்கிறது என்பது தற்செயல் அல்ல. பாதை பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியே மேற்கே நீண்டது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரும் மீட்டர் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தபோது வேலூர் நிலையத்துக்குப் படைமுகாமின் பெயரே வாய்த்தது. முகாம் போய்விட்டது. பெயர் இன்றும் பலகையில் இருக்கிறது.

முதல் உலகப் போர் வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் மெருகேற்றி, சென்னைத் துறைமுகம் வழியே போன நம் மாட்டுத்தோலுக்கு லண்டனில் ‘கிழக்கிந்தியக் கிப்’ என்று பெயர். பிரிட்டிஷ் படைவீரனின் பூட்ஸுக்கு மேல்தோல் அதுதான். போர்க்காலத்தில் அரசே விலை நிர்ணயித்துக் கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆக இந்தப் பாதையில் தோல் கிழக்கே போயிற்று. ஆள் மேற்கேயும் வடக்கேயும் போனான். இவ்விரண்டும் பிரான்சின் சேற்றிலோ மெசபடோமியாவின் மணலிலோ ஒன்றையொன்று சந்தித்திருக்கக்கூடும். மெசபடோமியாவுக்கு ஆட்கள் மட்டும் போகவில்லை. இந்திய மீட்டர் பாதையின் தண்டவாளங்களும் எஞ்சின்களும் பெட்டிகளும் பஸ்ராவுக்குக் கப்பலேறின.

ஆம்பூரில் பல்லவன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. நடுகல் என்றாலே ஆநிரை நினைவுக்கு வரும். மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் நட்ட நிலத்தில், ஆயிரம் ஆண்டு கழித்து மாட்டின் தோல் போருக்குப் போயிற்று. வகுப்பில் வெட்சி, கரந்தை நடத்தும்போது இதைச் சொல்வதுண்டு. மாணவர்களில் பாதிப் பேர் தோல் ஷாப்பு வீட்டுப் பிள்ளைகள்; சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இதையெல்லாம் கேட்டபிறகு மகன் கேட்டது, “அப்ப ஆம்பூர் கூட்ஸ் ஷெட்டில் தோல் கட்டு ஏத்தறதும் இருக்கணும்ல?” என்றுதான். டாங்கி அத்தோடு போயிற்று.

திட்டம் போட உட்கார்ந்தபோது உண்மையான சிக்கல் தொடங்கியது. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதை வரும். நம் அகலப் பாதையோ 1676. அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அந்த அளவில் எவரும் விற்பதில்லை. ஆகவே இந்தியாவில் கட்டப்படும் ஹெச்.ஓ. அகலப் பாதைகள் பலவும் ஒரு பொய்யின் மேல்தான் ஓடுகின்றன. பெட்டி அகலமாகவும் கால் குறுகலாகவும், வேட்டியை மடித்துக்கட்டிய கனத்த மனிதரைப் போல. எங்களுடையதும் அப்படியே. மீட்டர் பாதைக்கு 11.5 வேண்டும்; டி.டி. என்ற வேறொரு சிற்றுரு அளவுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்தும். ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம் மலிவு. ஆனால் அது இரண்டரை அடிக் குறும்பாதை ஆகிவிடும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒருகாலத்தில் போய், சுதந்திரத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்ட அந்தக் குட்டி ரயிலைக் கட்டுவோருக்கு அது உதவும். யாராவது கட்ட வேண்டும்.

அடுத்தது வட்டம். எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை வாங்கி, நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டு, ரயிலைச் சுற்றவிடுவதே எல்லோரும் செய்வது. பலகை வந்து சுவரில் சாய்ந்து நின்றது. அன்று மாலை சாக்குக்கட்டியால் தரையில் வட்டம் போட்டு மகன் விளக்கினான்: இங்கே கண்டோன்மென்ட், இங்கே பாலம், இங்கே காட்பாடி, இப்படிச் சுற்றி மறுபடியும் கண்டோன்மென்ட். பெரியவர் நின்று பார்த்தார்.

“போன வண்டியே திரும்பி வந்துடுமா?”

“ஆமா தாத்தா. ஒரு நிமிஷத்துல.”

“அதே ஆளுங்களோடயா?”

கேலியாகத்தான் கேட்டார் என்று முதலில் நினைத்தோம். இரவு படுக்கும்வரை ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விடிந்ததும் மகன் வேறு ஒரு காரணத்தைக் கொண்டுவந்தான்: நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கும் ஆரம் 175 மீட்டர், எங்கள் அளவில் இரண்டு மீட்டர், அரை வட்டம் திரும்பவே நான்கு மீட்டர் அகலம் வேண்டும், நான்கடிப் பலகையில் போடும் வளைவு நம் அகலப் பாதை ரயில் திரும்பாத வளைவு. கணக்கு சரிதான். ஆனால் அவன் அந்தக் கணக்கைத் தேடிப்போனது எதனால் என்பது எங்களுக்குத் தெரியும்.

பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்தோம். இரண்டடி அகலம், பதினாறடி நீளம். கூடத்துச் சுவரோடு ஓர் அலமாரித் தட்டைப்போல ஓடுகிறது. உண்மையில் இது 424 மீட்டர் நிலம். காட்பாடி முதல் ஆம்பூர் வரை அளவுமாறாமல் கட்டினால் 600 மீட்டர் நீளமுள்ள கூடம் வேண்டியிருக்கும். ஆகையால் கிழக்குக் கோடியில் கண்டோன்மென்ட், இரண்டடிப் பாலாறு, காட்பாடியில் ஒரேயொரு நடைமேடை, உடனே ஆம்பூர் கூட்ஸ் ஷெட். மேற்குக் கோடியில் ஏலகிரி மலை தீட்டிய ஒரு மரப்பெட்டி. வண்டி மலையடியில் நுழைந்து மறைந்துவிடும். மூன்றடி நீளமுள்ள அந்தப் பெட்டிக்குள் அது நிற்கும். கையால் எடுத்துத் திருப்பி வைத்தாலன்றி வெளியே வராது. இப்படி மறைவில் வண்டியை நிறுத்தும் வழக்கம் இக்கலையில் நெடுநாளாக உண்டு. எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

மற்ற வேலைகள் கைவேலைதான். நடைமேடைக்கு அட்டை, பாலத்தூணுக்கு பிளாஸ்டர், பனைமரத்துக்கு ஈர்க்குச்சி, புதருக்குக் காய்ந்த ஆவாரங்குச்சி. மண்ணுக்கு மட்டும் கடைப்பொருள் எதுவும் ஒப்பவில்லை. பட்டையில் பதனிட்ட தோலைத் தேய்க்கும்போது உதிரும் தூளை ஒரு மாணவரின் தந்தை பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இந்த ஊர்ச் செம்பழுப்பு மண்ணின் நிறம் அப்படியே அமைந்தது. வாடையும் கூடவே வந்தது. வங்கிக்காரருக்குத் தும்மல் வந்து, பலகைமேல் ஒரு பழைய சேலையைப் போர்த்திவைக்க உத்தரவாயிற்று. பெரியவர் மட்டும் சேலையை விலக்கி முகர்ந்து, “ஆம்பூர் வந்துடுச்சு” என்றார். குரோம் தோலின் தூளை வீட்டுக்குள் விடவில்லை; அதை எங்கே விட்டார்கள் என்பது இந்த ஆறறிந்த கதை.

ஆறு என்றதும் பாலாற்றுக்கு என்ன நிறம் தீட்டுவது என்ற கேள்வி வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் தோல் கழிவு பற்றி வழங்கிய தீர்ப்பு நாடு முழுதும் சட்ட மாணவர்கள் படிப்பது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு ஓடியபோது எல்லோரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். பெரியவரைக் கேட்டால், “வெறும் மணலு, வெள்ளையா இருக்கும்” என்கிறார். அவர் பார்த்த ஆண்டின் ஆறு அது. தேநீர் வடிகட்டியில் மணலைச் சலித்துக் கொட்டிவிட்டோம்.

எஞ்சியிருப்பது மனிதர்கள். முதலில் நாற்பது பேர் போதும் என்றிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் லாங் பஜாருக்குச் சாமான் வாங்கப் போனபோது மகன் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் படித்தான். இவ்வூரிலிருந்து 1914–18 பெரும்போருக்குச் சென்றவர் 277 பேர், உயிர் நீத்தவர் 14 பேர் என்கிறது அது. பல்லாயிரம் பேர் தினமும் கத்தரிக்காயும் வெங்காயமும் சுமந்து கடந்துபோகிற கல். வீட்டுக்கு வந்ததும் 277 வேண்டும் என்றான். 1969-இன் நடைமேடையில் 1914-இன் ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று கேட்டோம். இலக்கணத்தில் திணைமயக்கம் என்று ஒன்று உண்டல்லவா என்று திருப்பிக் கேட்டான். எங்கள் பாடத்தை எங்களுக்கே நடத்திவிட்டான்.

ஒட்டுமாவில் உருட்டி, ஊசியால் கீறி, இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களைச் செய்கிறோம். இரவு உணவுக்குப் பின் ஆளுக்கு மூன்று. பெண்கள் தனி, தாத்தாவின் தாயார் அவர்களில் ஒருவர். அவருக்கு எந்தச் சேலை என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்து, “சுங்கடி. பச்சை” என்றார் பெரியவர். அவரை எங்கே நிறுத்துவது என்பதையும் அவரே காட்டினார்: நடைமேடையின் நடுவில் அல்ல, கடைக்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால். வண்டி நகரும்போது அங்கே நின்றால் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

வர்ணம் தீட்டும்போது மகன் ஒருநாள் கேட்டான்: “இதுல எந்தப் பதினாலு பேரு, தாத்தா?” தனியாக ஒரு பொட்டு வைக்கலாமா, காலடியில் எண் எழுதலாமா என்பது அவன் யோசனை. பெரியவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தார். “ஒண்ணும் வெக்காத. எல்லாத்துக்கும் ஒரே காக்கி அடி” என்றார்.

இதுவரை 163 பேர் ஆகியிருக்கிறார்கள். மீட்டர் பாதைத் தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் பாலத்தின் மேல் போட வேண்டும். ஒய்.பி. வகை நீராவி எஞ்சினுக்கு மேலுடல் அட்டையில் வெட்டி ஆயிற்று. உள்ளே வைக்கும் மோட்டார்தான் சற்று உயரமாக இருக்கிறது, கொதிகலன் மூடவில்லை. அரைமில்லி சீவினால் சரியாகிவிடும் என்கிறான் மகன்.